நகோன் சீ தம்மராட்டில் ஐந்து கிழமைகள்



தாய்லாந்துக்குப் போய் வந்தோம் என்று சொன்னால் நம்மவர்கள் கேட்கிற கேள்வி இரண்டுதான். "புக்கெற் பாத்தனீங்களோ? பட்டாயா எப்பிடி?" இரண்டும் பார்க்கவில்லை என்றால், காசைச் செலவழித்துப் போய் என்னத்தைப் பார்த்தீர்கள் என்ற மாதிரி ஒரு பார்வை. நிகழ்ச்சிப் பொறுப்பாளரும் அப்படித்தான் பார்த்தார். பிறகு, "அப்ப பாத்ததையே ஒரு பேச்சாய்த் தாங்கோவன்" என்றார். அதனால்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

நாங்கள் போனது 2024 ஆம் ஆண்டு, மார்ச் மாதக் கடைசியில். எங்கள் மகள் அங்கே ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தாள். தாய்லாந்தில் மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே நடுப்பகுதிவரை பள்ளிக்கூட விடுமுறை. "அம்மா, இப்ப வந்தால்தான் நான் உங்களோட நிக்கலாம், ஆனா வெயில் கொளுத்தும்" என்று சொல்லித்தான் கூப்பிட்டாள். ரொறன்ரோவில் ஐந்து மாதம் பனி வழித்த எங்களுக்கு வெயில் ஒரு பயமுறுத்தலா? அங்கே போய் நாலாம் நாள்தான் அது பயமுறுத்தல்தான் என்று விளங்கியது.

ஊரின் பெயர் நகோன் சீ தம்மராட். தாய்லாந்தின் தெற்குப் பகுதியில், வளைகுடாக் கரைக்குக் கிட்ட உள்ள பழைய நகரம். வெள்ளைக்காரர் கூட்டம் கூட்டமாகப் போகிற சமுய் தீவு இதற்கு வடக்கே கடலில் இருக்கிறது. புக்கெற் மேற்கே அடுத்த கரையில். இரண்டுக்கும் நடுவே இருந்தும் இந்த ஊரில் யாரும் இறங்குவதில்லை. ஐந்து கிழமையில் நான் கண்ட வெளிநாட்டவரை இரண்டு கைவிரல்களில் எண்ணிவிடலாம். அதிலும் பாதிப்பேர் மகளைப் போல ஆசிரியர்கள்.

பாங்கொக்கிலிருந்து ரயிலில் போனோம். இப்போது தெற்கே போகும் தூர ரயில்கள் பழைய நிலையத்திலிருந்து புறப்படுவதில்லை. 2023 தொடக்கத்திலிருந்து புதிய பெரிய நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். விமான நிலையம் மாதிரி இருக்கிறது. பின்னேரம் ஏறினால், ஏறத்தாழ 800 கிலோமீற்றர் ஓடி, அடுத்த நாள் காலையில் கொண்டுபோய் விடும். இரவு ஒருவர் வந்து இருக்கைகளை இழுத்துப் படுக்கையாக்கி, வெள்ளைத் துணி விரித்துத் தருகிறார். இவர், அதாவது என் வீட்டுக்காரர், அந்தக் காலத்து யாழ்தேவியையும் தபால் ரயிலையும் பற்றிக் கதைத்துக் கதைத்தே நித்திரையாகிப் போனார். விடியும்போது யன்னலுக்கு வெளியே ரப்பர் தோட்டம், தென்னை, வாழை, தகரக் கூரை வீடுகள், வாசலில் கூட்டுகிற பெண்கள். எனக்கு ஒன்றும் அந்நியமாகத் தெரியவில்லை. எழுத்தைத் தவிர.

எழுத்து எங்களுக்கு அடைபட்ட கதவுதான். ஆனால் காதால் கேட்டால் கதவு கொஞ்சம் திறக்கும். நகோன் என்றால் நகரம். சீ என்பது ஸ்ரீ. தம்மராட் என்பது தர்மராஜா. ஆக, ஊரின் பெயரே ஸ்ரீ தர்மராஜ நகரம். ஆசிரியரை அவர்கள் குரூ என்கிறார்கள். மொழிக்கு பாஸா, உணவுக்கு ஆஹான், நேரத்துக்கு வேலா. ஞாயிறு ஆதித், திங்கள் சான், புதன் புத், சனி சாவ். மகளின் வீட்டுச் சுவர்க் கலண்டரைப் பார்த்தேன். ஆண்டு 2567 என்று போட்டிருந்தது. அது புத்த ஆண்டு, நம்முடைய கணக்கோடு 543 கூட்ட வேண்டும். பால் பெட்டியில் காலாவதித் திகதியைப் பார்த்து இவர், "இன்னும் ஐந்நூறு வருசம் வைச்சுக் குடிக்கலாம்" என்று பகிடி விட்டார்.

மகள் இருந்தது ஒரு மூதாட்டியின் வீட்டில், மேல் மாடியில். அவருக்கு வயது 71. அங்கே முன்பின் தெரியாதவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எங்கள் ஊர்களைப் போல உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மகள் அவரைப் பா என்றாள். பெரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 66 என்று தெரிந்ததும், தன்னை அக்கா என்று பொருள்படப் பீ என்று கூப்பிடச் சொல்லி, என்னைத் தங்கையாக்கிவிட்டார். அவருக்கு ஆங்கிலம் பத்துச் சொல் தெரியும், எனக்கு அவர் மொழியில் அதுவும் இல்லை. ஆனாலும் காலை ஆறு மணிக்குச் சந்தைக்குப் போய் வருவதற்குள் நாங்கள் கதைத்த கதை கொஞ்சமல்ல. எந்த மீன் நேற்றையது, எது இன்றையது என்று செவுளைத் தூக்கிப் பார்ப்பதற்கு மொழி எதற்கு?

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ரொறன்ரோவில் தாய் உணவகங்களில் நாம் சாப்பிடுகிற இனிப்புக் கறி அல்ல அது. தென்பகுதிச் சமையலில் மஞ்சள் தாராளம், காய்ந்த மிளகாய் தாராளம், மிளகும் உண்டு. காலைச் சாப்பாடு கனொம் சீன். அரிசி மாவைப் புளிக்கவைத்துப் பிழிந்த நூல், பார்த்தால் எங்கள் இடியப்பம் கொஞ்சம் தடித்து, நனைந்து, சுருண்டு கிடப்பது மாதிரி இருக்கும். அதற்கு மேல் மீனை அவித்து மசித்துத் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய குழம்பு. இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு வளர்ந்த எவருக்கும் அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. கூடவே ஒரு தட்டம் நிறையப் பச்சை இலைகள் வைப்பார்கள், காசைக் கூட்டாமல். அதில் மரமுந்திரிகையின் துளிர் இலையும் இருந்தது. நாங்கள் ஊரில் ஆட்டுக்கும் போடாத இலை! மெல்லத் துவர்க்கும், அந்த உறைப்புக்கு அது நல்ல துணை. ஒரு தட்டு அப்போது 40 பாட் அளவில்தான்.

எல்லாம் வாய்க்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். தாய்ப்ளா என்று ஒரு குழம்பு, மீன் குடலை உப்பில் ஊறவைத்துக் காய்ச்சுவது. அதன் வாசம் படியேறி மேல்மாடிக்கு வந்தால் இவர் வெளியே நடக்கப் போய்விடுவார். நான் இரண்டாம் முறை சுவைத்தேன், மூன்றாம் முறை கேட்டு வாங்கினேன். கருவாடு பொரிக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு அது பெரிய தூரமில்லை.

இனி ஊருக்கு வருகிறேன். நகரம் வடக்குத் தெற்காக நீண்டு ஒடுங்கிக் கிடக்கிறது. ராட்சதம்னூன் என்ற ஒரே வீதிதான் அதன் முதுகெலும்பு. அதன் தெற்குப் பக்கம் மகாதாது விகாரை. வெள்ளை மணியைக் கவிழ்த்தது போன்ற பெரிய தாதுகோபம், உயரம் ஏறத்தாழ 55 மீற்றர், உச்சியில் பொன் தகடு. அடியைச் சுற்றி 22 யானைகள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அதைக் கண்டதும் நான், "இதென்ன, அனுராதபுரத்துக்கு வந்திட்டமோ?" என்றேன். அது தற்செயல் அல்ல. 13ஆம் நூற்றாண்டளவில் இலங்கையிலிருந்து வந்த பௌத்த மரபு இங்கேதான் வேரூன்றி, பிறகு சியாம் முழுவதும் பரவியது. தாதுகோபமும் இலங்கை முறையில் கட்டியது. அதனால் அந்த ஊரில் இலங்கை என்ற சொல்லுக்கு ஒரு மதிப்பு. லங்கா என்று சொன்னால் கிழவிகள் கை கூப்புகிறார்கள். இந்த விகாரை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஆனால் கொடுக்கல் வாங்கல் எப்போதும் புண்ணியமாகவே நடந்தது என்றில்லை. இந்த ஊர் அன்றைய தாம்பிரலிங்க அரசு. இராசேந்திர சோழன் 1025 அளவில் கடாரம்மீது அனுப்பிய படை கொண்ட நாடுகளில் மாதமாலிங்கம் என்று வருவது இதுதான். அதற்கு இருநூறு ஆண்டு கழித்து இங்கிருந்து ஒரு மன்னன் திருப்பிப் படகேறினான். சந்திரபானு என்ற அவன் 1247 இல் இலங்கையில் இறங்கினான். அவனது ஆட்கள் நஞ்சு தோய்த்த அம்புகளோடு வந்ததாகச் சூளவம்சம் சொல்கிறது, அவர்களைச் சாவகர் என்று குறிக்கிறது. பின்னர் அவன் வட இலங்கையில் காலூன்றினான், பாண்டியர் வந்து அவனை முடித்தார்கள். எங்கள் ஊர்ப் பெயரில் உள்ள சாவகர் அவர்கள்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நான் பிறந்தது சாவகச்சேரியில். "உன்ரை ஆக்களிட்டைத்தான் வந்து நிக்கிறாய்" என்று இவர் ஐந்து கிழமையும் சொல்லிக்கொண்டிருந்தார். மீன் குடல் குழம்பை நான் கேட்டு வாங்கியது அவருக்கு ஆதாரமாகிவிட்டது.

தமிழ்த் தடங்கள் இன்னும் இருக்கின்றன. மேற்குக் கரையில் தக்குவாபாப் பகுதியில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இந்த நகரத்துத் தேசிய நூதனசாலையில் பாதுகாக்கப்படுகிறது. அவனிநாரணம் என்ற பெயரில் ஒரு குளம் வெட்டி, அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகர் குழுவின் காவலில் விட்ட செய்தி அது. கடல் கடந்து போனவர்கள் முதலில் வெட்டியது குளம் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அதே வீதியில் ஒரு பக்கம் ஈசுவரன் கோயில், எதிர்ப்பக்கம் நாராயணன் கோயில். இரண்டும் சின்னஞ் சிறியவை. ஈசுவரன் கோயில் முன்னால் சிவப்பு ஊஞ்சல் கம்பம் நிற்கிறது. பாங்கொக்கில் 1784 இல் நாட்டிய பெரிய ஊஞ்சலைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் ஆடும் விழா 1935 இல் நிறுத்தப்பட்டது. அரண்மனைப் பிராமணர் செய்யும் அந்தச் சடங்கின் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அப்படி உருமாறி நிற்கின்றன. மார்கழிக் குளிரில் நாங்கள் பாடியது அங்கே ஒரு சடங்கின் பெயராக நிலைத்திருக்கிறது.

சித்திரைப் புத்தாண்டுக்கு அங்கே சொங்கிரான் என்று பெயர். சங்கிராந்தி என்ற சொல்தான். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாக ஏற்றது. சுற்றுலா ஊர்களில் அது துப்பாக்கியால் தண்ணீர் அடிக்கும் களியாட்டம். நகோனிலும் தண்ணீர் அடித்தார்கள், நானும் நனைந்தேன். ஆனால் ஏப்ரல் 14 மாலையில் இன்னொன்று நடந்தது. நாங் தான் ஊர்வலம். மூன்று மரப் பலகைகள், ஒன்றில் சூரிய சந்திரர், ஒன்றில் நிலமகள், ஒன்றில் கங்கை. ஈசுவரன் பூமிக்கு இறங்கி வருகிறாராம், அவரை வரவேற்க இவர்களைச் சுமந்து போகிறார்கள். வெள்ளை உடுத்த பிராமணர், சங்கொலி. வீதியோரம் பாய் விரித்து உட்கார்ந்து எல்லோரும் பார்த்தார்கள். வீட்டுக்கார அக்கா எனக்கு ஈசுவரனைக் காட்டி, இவர் யார் தெரியுமா என்று மகளைக் கொண்டு கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? தெரியும் என்றேன்.

நேயர்களே, இனிச் சொல்லப்போவது கொஞ்சம் வேறு.

தாய்லாந்து என்றால் எங்கள் குடும்பத்தில் இவ்வளவு காலமும் ஒரே பொருள்தான். 2009 கடைசியில் என் கடைசித் தம்பி பாங்கொக்குக்குப் போனான். உங்களில் பலருக்கும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். அகதிகள் பற்றிய 1951 ஆம் ஆண்டுச் சாசனத்தில் தாய்லாந்து கையெழுத்திடவில்லை. ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் கடிதம் கையில் இருந்தாலும், விசா முடிந்தவர் அங்கே சட்டத்தை மீறியவர்தான். 2010 ஆகஸ்டில் 492 பேரோடு சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தது நினைவிருக்கும். அது தாய்லாந்துப் பக்கமிருந்து புறப்பட்ட கப்பல். அதற்குப் பிறகு, அக்டோபரில், அங்கே தமிழர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். தம்பியையும் பிடித்தார்கள். அதுவரை மாதக் கணக்கில் ஓர் அறைக்குள், பிறகு எட்டு மாதம் தடுப்பில். கடைசியில் கனடா வந்து சேர்ந்தான். எங்களோடு வா என்று கேட்டதற்கு, "நீங்கள் போட்டு வாங்கோ அக்கா. நான் ஆற்றைக் கூடப் பகலிலை பாக்கேல்லை. எனக்கு அங்க என்ன இருக்கு?" என்றான்.

சட்டப்படி, வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். எங்கள் அக்கா வந்த அன்றே எங்கள் கடவுச்சீட்டுகளை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படம் பிடித்து, பேரப்பிள்ளையைக் கொண்டு அனுப்பிவிட்டார். அதே சட்டத்தால்தான் தம்பியின் அறைக்காரர் அறிவிக்காமல் விடுவதற்கு இரட்டை வாடகை வாங்கினார்.

அந்த நேரம் கனடியருக்கு விசா இல்லாமல் 30 நாள்தான் கொடுத்தார்கள். நாங்கள் ஐந்து கிழமை நிற்பதால் நீடிக்க வேண்டியிருந்தது. படிவம், படம், ஆளுக்கு 1900 பாட். முதல்நாள் இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இவர், "எங்களிட்டைக் கனடாப் பாஸ்போட் இருக்கு, என்ன பயம்?" என்றார். பயம் பாஸ்போட்டைக் கேட்டா வருகிறது? அலுவலகத்தில் மகளின் வயதில் ஒரு பெண் அதிகாரி. கடவுச்சீட்டைப் புரட்டினாள், பிறந்த இடத்தில் விரலை வைத்தாள். "லங்கா?" என்றாள். ஓம் என்று தலையாட்டினேன். மகாதாதுவைப் பார்த்தாயா என்று கையால் கோபுரம் மாதிரிக் காட்டிக் கேட்டு, சிரித்து, முத்திரையைக் குத்தினாள். அரை மணித்தியாலம் ஆகவில்லை. வெளியே வந்து வாங்கில் இருந்துதான் தண்ணீர் குடித்தேன்.

அன்றிரவு தம்பியோடு கதைத்தேன். இடியப்பம் மாதிரி ஒன்று இருக்கிறது என்றேன், தாதுகோபத்தைச் சொன்னேன், ஊஞ்சலைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வழியிலை பொலிஸ் மறிச்சவங்களோ?" என்று ஒன்றைத்தான் கேட்டான். மறித்ததுதான். வடக்கே சீச்சொன் பக்கம் ஒரு கோயிலுக்குப் போகும் வழியில். தெற்கே எல்லை மாகாணங்களில் 2004 இலிருந்து கலவரம், நகோன் அதற்குள் இல்லை, என்றாலும் வீதிச் சோதனை உண்டு. எங்கள் முகங்களைப் பார்த்து, சாரதியோடு ஏதோ பகிடி சொல்லி விட்டுவிட்டார்கள். அதைத் தம்பிக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "கோயிலிலை என்ன பாத்தனீங்கள்?" என்றான்.

பார்த்தது சேவல்கள். ஆயிரக் கணக்கில் சேவல் பொம்மைகள், ஆளுயரத்தையும் மிஞ்சினவை. ஆய்க்காய் என்ற சிறுவனின் ஆவி அங்கே வேண்டியதைக் கொடுக்குமாம். கிடைத்தவர்கள் சேவலும் சீனவெடியும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வெடித்த கடதாசியில் எண் தேடி, மாதம் 1ஆம் 16ஆம் திகதிகளில் இழுக்கும் லொத்தருக்குச் சீட்டு வாங்குகிறார்கள். தம்பி சிரித்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நடக்கிறவருக்கு நடைபாதை இல்லை, இருக்கிற இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. தெரு நாய்களுக்குக் கையில் தடியோ மனதில் துணிவோ வேண்டும். ஒரு சைக்கிளில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒருவர் தலையிலும் தொப்பி இல்லை. புத்தாண்டு வாரத்தை அவர்களே ஆபத்தான ஏழு நாட்கள் என்கிறார்கள், அவ்வளவு விபத்து. இன்னொன்று, அரச குடும்பத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. அதற்குக் கடும் சட்டம் இருக்கிறது. பகிடிக்கும் வேண்டாம்.

புறப்படுவதற்கு முதல்நாள் அக்கா பத்தாம் மாதத் திருநாளைப் பற்றிச் சொன்னார். அவர்கள் கணக்கில் பத்தாம் மாதத் தேய்பிறையில் இறந்தவர்கள் பூமிக்கு வந்து, அமாவாசையில் திரும்புகிறார்களாம். எங்கள் மாளய பட்சமேதான், நாட்கூட அதே. அதற்குச் செய்யும் பலகாரம் கனொம் லா, மாவைத் தலைமயிர் போல மெல்லிய இழையாக எண்ணெயில் ஊற்றிச் சுடுவது. பிரேதங்களின் வாய் ஊசித் துவாரம் அளவுதானாம், அதற்குள் போகவேண்டும் அல்லவா? அக்காவின் தமையன் ஒருவர் மீன்பிடிக்கப் போய்க் கடலில் போனவர், உடல் கிடைக்கவில்லை. அவருக்கு வருடா வருடம் வைக்கிறார். படைக்க ஆளில்லாதவர்களுக்கும் விகாரைக்கு வெளியே ஒரு பங்கு வைப்பது வழக்கம் என்றார். நான் யோசித்துவிட்டு, என் பெரியம்மாவின் மகன்கள் இருவரின் பெயரை எழுதிக் கொடுத்தேன். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. இங்கே அவர்களுக்குத் திவசம் செய்யப் பெரியம்மா சம்மதிக்கவில்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றுதான் கடைசிவரை சொன்னார். அதனால் அக்காவிடம், இறந்தவர்கள் என்று சொல்லாமல் வையுங்கள் என்று மகளைக் கொண்டு சொல்வித்தேன். அவர் காரணம் கேட்கவில்லை.

2024 அக்டோபர் 2 ஆம் திகதி மாளய அமாவாசை. அன்று மகளின் கைத்தொலைபேசியிலிருந்து ஒரு படம் வந்தது. மதிலோரம் வாழையிலை, சோறு, வாழைப்பழம், கனொம் லா, பக்கத்தில் என் கையெழுத்தில் அந்தத் துண்டு. தம்பிக்கும் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, அந்த ஊர் ரயிலுக்கு எங்கே சீட்டு எடுப்பது என்று கேட்டான். இன்னும் போகவில்லை.

உங்களில் யாராவது போவதாக இருந்தால், பெப்ரவரி, மார்ச் நல்ல காலம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர்வரை அந்தக் கரையில் கடும் மழை, வெள்ளமும் வரும். ரயிலில் கீழ்ப் படுக்கை முதலில் முடிந்துவிடும், முன்கூட்டியே எடுங்கள். விசா நாட்களை அவர்கள் அடிக்கடி மாற்றுவதால், புறப்பட முன் ஒருதரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.